மஞ்சள் பூசிய பொறி

"என்னைக் கொல்லப் பாக்குறாங்க, மிஸ் இந்துமதி."

சொன்னவர் திருச்செல்வம், கட்டடப் பாதுகாப்புப் பரிசோதகர். அவருடைய இடது கை கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கிடந்தது. நெற்றியில் பிளாஸ்டர். சிரம்பான் நகரின் தெமியாங் பகுதியில் மளிகைக் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்தவர், நாற்காலியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க சார். நானே உக்காந்து உடையாத நாற்காலி அது," என்றான் ஹேமநாதன், தன் தொந்தியைத் தட்டிக் காட்டி.

ஹேமநாதன் இந்துமதியின் உதவியாளன். அதற்கு முன்பு சிரம்பான் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்தவன். மைக்கை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வாயை விடவில்லை. இந்துமதியோ இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே நரைத்தவள். யாராவது விழுந்தேன் என்று சொன்னால், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எதற்காக விழுந்தீர்கள் என்று கேட்பாள்.

"முதல்ல எங்க விழுந்தீங்க?" என்றாள் இன்று. கை உண்மையாகவே உடைந்திருந்தது.

"லோபாக்ல ஒரு பழைய கடைவீடு. மாடிப்படியில காலை வச்சதும் பலகை கழண்டுச்சு. யாரோ அடியில ரம்பம் போட்டு அறுத்து வச்சிருக்கான். அடுத்தது மந்தின் பக்கம், பழைய தோட்டத்து ஸ்டோர். தரையில ஓட்டை, அது மேல பிளைவூட். முட்டி வரைக்கும் உள்ள போயிட்டேன். போன வாரம் ரந்தாவ் ரோட்டுல ஒரு பழைய தொரை பங்களா. மாடி வராண்டாக் கம்பியில சாஞ்சேன். கம்பியோட சேந்து நானும் கீழ போனேன்."

"எது மேல விழுந்தீங்க சார்?" ஹேமநாதன் கேட்டான்.

"பூச்செடி மேல."

"செடி இப்ப எப்படி இருக்கு?"

இந்துமதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போலீசுக்குப் போனீங்களா?"

"எப்படிம்மா போறது? கட்டடத்துல என்ன ஆபத்து இருக்குன்னு பாத்துச் சொல்றதுதான் என் தொழில். நானே வரிசையா விழுந்தேன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

"இந்த மூணு இடத்துக்கும் உங்களை யார் கூப்பிட்டது?"

"அதான் விஷயம். ஓனருங்களைக் கேட்டா, நாங்க கூப்பிடவே இல்லைங்கறாங்க. எவனோ அவங்க பேரைச் சொல்லி ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கான்."

"ஆம்பளைக் குரலா?"

"ஆம்பளைன்னுதான் சொன்னாங்க. நான் பேசலை, என் கிளார்க்தான் எடுத்தாங்க. மிசஸ் ஆர்."

"ஆர்-னா?"

திருச்செல்வம் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். "ரேவதியோ, ரோசியோ. வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. நல்ல பொம்பளை. கோப்பி நல்லாக் கலக்குவாங்க."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "ராமகிருஷ்ணன். இதே தெமியாங்ல மோட்டார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். லாபு பக்கம் புக்கிட் செலாசே தோட்டம் இருக்குல்ல, அங்க பாலர் பள்ளியோட வாசல் கூரை விழுந்து இவன் தம்பி செத்துப்போனான். மூணு வருஷம் ஆச்சு. அந்தக் கட்டடம் பத்திரமா இருக்குன்னு அதுக்கு முந்தி நான்தான் சர்டிபிகேட் கொடுத்திருந்தேன். விசாரணையில என் மேல தப்பில்லைன்னு முடிஞ்சுருச்சு. பழைய கட்டடம், பேய் மழை, நான் என்ன செய்ய? ஆனா இவன் சுடுகாட்டுல நின்னுக்கிட்டு, திருச்செல்வத்தைச் சும்மா விடமாட்டேன்னு கத்தியிருக்கான். ஊரே கேட்டிருக்கு."

"தம்பி பேரு?"

"முகுந்தன்னு நினைக்கிறேன்," என்றார் திருச்செல்வம், எழுந்தபடி. வாசலில் முதல் படியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

ஹேமநாதன் குரலைத் தாழ்த்தினான். "பாஸ், செத்தவன் பேரையே நினைச்சுப் பாத்துத்தான் சொல்றாரு."

"கவனிச்சேன்," என்றாள் இந்துமதி. "காடியை எடு." ஹேமநாதன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டான்.

*

லோபாக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் விமலா தையல் கடை வைத்திருந்தாள். பின்பக்கமாக மாடிப்படி. அறுபட்ட பலகையை யாரும் இன்னும் மாற்றவில்லை. படியோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

இந்துமதி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பலகையின் முன்விளிம்பு நெடுகப் பளிச்சென்ற மஞ்சள் கோடு. இரண்டு விரல் அகலத்துக்கு நிதானமாக, நேராகப் போட்டிருந்தார்கள்.

"இந்தப் பெயிண்ட் எப்ப அடிச்சது?"

"அந்த சார் வர்ற அன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். அதுக்கு முந்தி இல்லை," என்றாள் விமலா, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு.

"நீங்க மாடிக்குப் போகலையா?"

"போனேனே. மாடியிலதான துணியெல்லாம் வச்சிருக்கேன். மஞ்சள் அடிச்சிருந்தா என்னமோ சரியில்லைன்னுதான அர்த்தம்? அந்தப் படியைத் தாண்டிப் போனேன், தாண்டியே வந்தேன். அந்த சார் போன்ல பேசிக்கிட்டே ஏறுனாரு. சார் சார்னு கூப்பிட்டேன், கையைக் காட்டிட்டுப் போய்ட்டாரு. அப்புறம் தடால்னு சத்தம்."

ரந்தாவ் சாலை பங்களாவிலும் அதே கதைதான். மாடி வராண்டாவில் கம்பியைத் தாங்கிய போல்ட்டுகள் கழற்றப்பட்டிருந்தன. கழற்றியவர் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தேநீர்த் தட்டு அளவுக்கு மஞ்சள் வட்டம் போட்டிருந்தார். வெயிலில் அவை சூரியகாந்திப் பூக்கள் மாதிரி வரிசையாக மின்னின. மந்தின் ஸ்டோரின் காவலாளிக்கு ஹேமநாதன் போன் போட்டான். பிளைவூட் மேலேயும் மஞ்சளில் பெரிய குறுக்குக் கோடு இருந்ததாம்.

"நல்ல கொலைகாரன் பாஸ்," என்றான் ஹேமநாதன். "பொறியையும் வச்சிட்டு, பக்கத்துலயே ஜாக்கிரதைன்னு போர்டும் மாட்டுறான். அடுத்த தடவை ஹெல்மெட்டும் கொடுப்பான்போல."

இந்துமதி வெற்றுத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொல்லணும்னு நினைக்கிறவன் மறைச்சுதான் வைப்பான். இது பரீட்சை, ஹேமா. கட்டடத்தைக் கண்ணால பாக்குற எவனும் இதுல விழ மாட்டான். தையல்காரம்மா விழல. காவலாளி விழல."

"நம்மாளு மட்டும் மூணு பேப்பர்லயும் ஃபெயிலு."

"ஆமா. விழுந்தா விழட்டும்னு ஒருத்தர் ஒதுங்கி நின்னு பாத்திருக்காங்க. அவ்வளவு ஆத்திரம் யாருக்கு?"

"ராமகிருஷ்ணனைக் கேப்போம் பாஸ். ஆனா நீங்க முன்னால போங்க. எனக்கு ஒரே ஒரு மூக்குதான் இருக்கு."

*

ராமகிருஷ்ணன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அதன் நடுவே உட்கார்ந்திருந்தான். திருச்செல்வம் என்ற பெயரைக் கேட்டதும் ஸ்பேனரைத் தரையில் வைக்காமலே எழுந்தான்.

"ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். அவன் ரோட்டுல போறதைப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. என் தம்பி மழைக்கு ஒதுங்குனான், அவ்வளவுதான் அவன் செஞ்ச தப்பு. பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக மோட்டார்ல வந்தவன், அந்தக் கூரைக்கு அடியில நின்னான். அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டாங்க. அவன் போட்டிருந்த சட்டையை வச்சுத்தான் சொன்னேன், தெரியுமா உங்களுக்கு?"

ஹேமநாதன் தரையில் உருண்டு கிடந்த ஒரு நட்டைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தான்.

"அதுக்காகப் படியை அறுத்தீங்களா?" என்றாள் இந்துமதி மெதுவாக.

"படியா? நான் எதுக்கு லா படியை அறுக்கணும்? நான் அறுத்தா கழுத்தைத்தான் அறுப்பேன்."

"அறுத்துட்டு மஞ்சள் கோடு போடுவீங்களா?"

ஸ்பேனரைப் பிடித்திருந்த கை நின்றது. கோபம் வடிந்து, வேறு எதுவோ அந்த முகத்தில் ஏறியது. "மஞ்சள் கோடா?"

"ஆமா. ஆபத்து இருக்கிற இடத்துல எல்லாம்."

அவன் சட்டென்று குனிந்து இஞ்சினைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தான்.

"எனக்குத் தெரியாது. போங்க."

"தெரியும்," என்றாள் இந்துமதி. "இந்தப் பரீட்சை இத்தோட நிக்காது. அடுத்த தடவை கோடு இருக்காதுன்னு எனக்குத் தோணுது. அப்படி ஒண்ணு நடந்துட்டா, நீங்க காப்பாத்த நினைக்கிற ஆளு ஆயுசுக்கும் ஜெயில்ல கிடக்கணும். சொல்லுங்க, யாரு?"

ராமகிருஷ்ணன் துடைத்த துணியைத் தூக்கிப் போட்டான்.

"என் தம்பி பொண்டாட்டி," என்றான் கடைசியில். "அந்தப் பாலர் பள்ளியில டீச்சரா இருந்தா. லொங்காங் சாக்கடை ஓரம், கிணத்தடி, அடுப்படின்னு பிள்ளைங்க போகக் கூடாத இடத்துல எல்லாம் மஞ்சள் கோடு போட்டு வைப்பா. நாலு வயசுப் பிள்ளைகூட அதை மிதிக்காது. அந்த வாசல் கூரையில விரிசல் விட்டிருக்குன்னு முதல்ல சொன்னவளும் அவதான். இந்த ஆளு பரிசோதிக்க வந்த அன்னைக்கு, கொட்டுற மழையில குடையைப் புடிச்சிக்கிட்டு அவன் காடிகிட்ட ஓடியிருக்கா. அவன் கண்ணாடியைப் பாதி இறக்கி, சரி சரின்னுட்டுப் போயிட்டானாம். முகுந்தன் செத்த பிறகு அவ அழுததை நான் பாக்கலை. தோட்டத்தை விட்டே வந்துட்டா. லோபாக்ல ஏதோ ஆபீஸ்ல கிராணியா, அதான் கிளார்க்கா, வேலை பாக்குறாளாம்."

"அவங்க பேரு?"

"ரோகினி."

இந்துமதி திரும்பி ஹேமநாதனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"யார் போன் பண்ணினாங்கன்னு காலையிலிருந்து தேடிக்கிட்டு இருக்கோம்," என்றாள் அவள். "யாருமே போன் பண்ணலை, ஹேமா. போன் வந்ததா ஒருத்தங்க சொன்னாங்க. அவ்வளவுதான்."

"மிசஸ் ஆர்!"

அவள் அதற்குள் திருச்செல்வத்தை அழைத்திருந்தாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

"சொல்லுங்க, வேலையா போயிட்டு இருக்கேன். புக்கிட் செலாசேயிலேருந்து கூப்பிட்டாங்களாம். அந்தப் பாலர் பள்ளியை இடிக்கப் போறாங்க, அதுக்கு முந்தி ஒரு பார்வை பாக்கணுமாம்."

"கை உடைஞ்சிருக்கே, யார் காடி ஓட்டுறது?"

"மிசஸ் ஆர்தான். பாவம், நானே வரேன் சார்னு..."

"சார், காடியை விட்டு இறங்..."

லைன் அறுந்தது. தோட்டத்துப் பக்கம் போனால் சிக்னல் அப்படித்தான். திரும்ப அழைத்தபோது மணியே அடிக்கவில்லை.

ஹேமநாதன் காரைக் கிளப்புவதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு ராமகிருஷ்ணன் ஏறிவிட்டான். ஸ்பேனர் இன்னும் அவன் கையில் இருந்தது.

"அதை வச்சிட்டு வாங்கண்ணே," என்றான் ஹேமநாதன்.

"ஓட்டு லா."

*

புக்கிட் செலாசேயில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுப் பல காலம் ஆகிவிட்டது. பழைய லயத்தில் சில குடும்பங்கள்தான் மிச்சம். செம்மண் பாதையின் முடிவில், இடுப்பளவு லாலாங் புல்லுக்கு நடுவே பாலர் பள்ளி நின்றது. வாசலுக்கு மேலே நீட்டியிருந்த சிமிந்திக் கூரையில் பாதி இல்லை. மீதிப் பாதி, துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு தொங்கியது. அதற்கு அடியில் ஒரு மரத்தூணை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கூரைக்கு நேர் கீழே, பூட்டிய கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு திருச்செல்வம் நின்றார்.

அவருக்கு எதிரே, கூரைக்கு வெளியே வெட்டவெளியில் ஒரு பெண். வெளுத்த பச்சைச் சுடிதார், இறுக்கிப் போட்ட கொண்டை. இரண்டு கையிலும் நைலான் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள். கயிறு அவளிடமிருந்து புல்லுக்குள் இறங்கி, தூண் இருந்த பக்கமாகப் போனது. கொஞ்சம் தள்ளி மரத்தடியில் லயத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். முச்சந்தியில் நாசி லெமாக் சோறு விற்கும் செல்லம் எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"கிட்ட வராதீங்க!" என்று கூவினார் திருச்செல்வம், காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து. "நான் அசைஞ்சா தூணை இழுத்துருவேங்கறா!"

ஹேமநாதன் பாயப் போனான். அவன் உருவத்துக்கு அது ஆச்சரியமான வேகம். இந்துமதி கட்டடத்தின் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து, புல்லையும் தூணையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் திரும்பி வந்து அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறு."

"பாஸ், அந்தாளு மேல கூரை..."

"பொறுன்னு சொன்னேன்."

ரோகினி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் பாடம் கேட்கிற குரலில் பேசினாள்.

"இந்தக் கட்டடம் பத்திரமா இருக்குன்னு நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க? அப்புறம் ஏன் நடுங்குறீங்க? நில்லுங்க. என் வீட்டுக்காரரும் அங்கதான் நின்னாரு."

"மிசஸ் ஆர், நான் சொல்றதை..."

"என் பேரு என்ன?"

அவர் உதடு அசைந்தது. "ரேவதி...?"

"ரோகினி. முகுந்தன் சம்சாரம். மழையில குடை புடிச்சிக்கிட்டு உங்க காடிகிட்ட வந்து, மேல பாருங்க சார், விரிசல் விட்டிருக்குன்னு கெஞ்சுனேன். ஞாபகம் இருக்கா?"

"யாரோ ஒரு பொம்பளை வந்துச்சு..."

"அந்தப் பொம்பளைதான் ஒரு வருஷமா உங்களுக்குக் கோப்பி கலக்குது. என் மூஞ்சியை ஒரு நாளாச்சும் பாப்பீங்க, எங்கேயோ பாத்திருக்கோமேன்னு கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க எதையுமே பாக்கலை. படியைப் பாக்கலை, பலகையைப் பாக்கலை, கம்பியைப் பாக்கலை. அன்னைக்கும் நீங்க மேல பாக்கலை. அதை இத்தனை பேர் முன்னால உங்க வாயால சொல்லுங்க. காடியை விட்டு இறங்கலை, அந்தக் கூரையைப் பாக்கவே இல்லைன்னு சொல்லுங்க."

"இழும்மா!" என்று கத்தினான் ராமகிருஷ்ணன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இவன்கிட்ட என்ன பேச்சு? இழு!"

கயிறு லேசாக அசைந்தது. திருச்செல்வத்தின் தலைக்கு மேலே எங்கோ ஒரு பொடிச் சிமிந்தி உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. அது காற்றா, பல்லியா தெரியாது. ஆனால் அவர் உடைந்துபோனார்.

"பார்த்தேன்!" என்று அலறினார். "பார்த்தேம்மா! நீ சொன்னப்புறம் கண்ணாடி வழியா பார்த்தேன். விரிசல்ல கம்பி தெரிஞ்சுது. துருப்பிடிச்சு உப்பியிருந்துச்சு. அது விழும்னு எனக்குத் தெரியும். அதை எழுதினா பள்ளியை மூடணும், புதுசாக் கட்டணும், நிர்வாகத்துக்கு ஆகாது. அவங்களோட மத்தத் தோட்டத்து வேலையெல்லாம் எனக்கு வராது. இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்னு நினைச்சேன். என்னை விட்டுரு!"

மரத்தடியில் யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரோகினி ஆடாமல் நின்றாள். அவள் கேட்க வந்த பதில் இது இல்லை. மூன்று வருடமாக அவள் வெறுத்தது குடைக்கு அப்பால் பார்க்கத் தெரியாத ஒரு சோம்பேறியை. அந்தச் சோம்பேறிக்காகத்தான் படியை அறுத்தாள், போல்ட்டைக் கழற்றினாள். இப்போது கூரைக்கு அடியில் நிற்பது வேறு ஆள்.

"பாத்தீங்களா?" அவள் குரல் முதல் தடவையாகப் பிசிறியது. "பாத்துட்டா கண்ணாடியை ஏத்தினீங்க?"

அவள் கயிற்றைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் உண்மையிலேயே இழுத்திருப்பாள் என்று இந்துமதி பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

"இழு ரோகினி!" ராமகிருஷ்ணனின் குரல் அழுகையாகிவிட்டது.

"இழுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை, மாமா," என்றாள் அவள்.

கயிற்றைச் சுண்டினாள். அது முழுக்கப் புல்லுக்குள்ளிருந்து சரசரவென்று ஓடிவந்து அவள் காலடியில் சுருண்டது. மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை.

திருச்செல்வம் அந்த வெற்று முனையைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்தார். அடுத்த கணமே கூரையின் நினைவு வந்து, ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்தே வெளியே வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாஸ்?" ஹேமநாதன் காதருகே கேட்டான்.

"பக்கவாட்டுல போய்க் கயித்தோட முனையைப் பாத்தேன். தெரிஞ்சுது."

"நம்ம கட்சிக்காரர் பாஸ் அவரு."

"அதனாலதான் அவர் உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு முதல்ல உறுதி பண்ணிக்கிட்டேன்," என்றாள் இந்துமதி. "மத்ததுக்கு அவர் என்னை அமர்த்தலை."

வெயிலுக்கு வந்ததும் திருச்செல்வத்துக்குக் குரல் திரும்பிவிட்டது. "இவளை அரெஸ்ட் பண்ணணும்! கொலை மிரட்டல் இது! மிஸ் இந்துமதி, போலீசைக் கூப்பிடுங்க. நீங்க எல்லாரும் சாட்சி!"

"நாங்க சாட்சிதான் சார்," என்றாள் செல்லம், முன்னால் வந்து. "எல்லாத்தையும் கேட்டோம்."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. திருச்செல்வம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"கூப்பிடலாம்," என்றாள் இந்துமதி. "என்ன கேட்டு மிரட்டினாங்கன்னு போலீஸ் கேப்பாங்க. நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னும் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் நெற்றி பிளாஸ்டரைத் தடவினார். வேர்வையில் அது பாதி கழன்றிருந்தது. "சரி, விடுங்க," என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "பாவம், புருசனை இழந்த பொம்பளை. நான் பெருசா எடுத்துக்கலை. இத்தோட முடிச்சுக்கலாம்."

"நான் முடிச்சுக்கலை," என்றாள் ரோகினி.

கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஹேமநாதனின் காரில் போய் ஏறினாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால், "போலீஸ் ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

*

சிரம்பான் போலீஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த கார்ப்பரலுக்குத் தலைசுற்றியது. மலாய் மொழியில் ஆரம்பத்திலிருந்து மறுபடியும் கேட்டார்.

"படியை அறுத்தது இந்தம்மா. விழுந்தது நீங்க. அப்ப புகார் கொடுக்கறது நீங்கதான?"

"புகாரெல்லாம் ஒண்ணும் இல்லை," என்றார் திருச்செல்வம். தன் காரில் வேக வேகமாகப் பின்னாலேயே வந்திருந்தார். ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. "நானாத்தான் தடுமாறி விழுந்தேன். இவங்க மனசு சரியில்லாம என்னமோ சொல்றாங்க."

"நான்தான் அறுத்தேன்," என்றாள் ரோகினி. "ரம்பம் என் வீட்டுல இருக்கு. பெயிண்ட் டின்னும் இருக்கு. வந்து எடுத்துக்குங்க. இன்னைக்கு இவரைப் பயமுறுத்துனதும் நான்தான். பாத்தவங்க வெளியில நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுக் கேளுங்க."

"பாஸ்," என்று முணுமுணுத்தான் ஹேமநாதன், "குற்றவாளி கைதாகணும்னு மல்லுக்கு நிக்கிறா, பாதிக்கப்பட்டவன் தப்பிச்சு ஓடப் பாக்குறான். மைக் பிடிச்ச காலத்துல மாப்பிள்ளை ஓடிப் பாத்திருக்கேன். இப்படிப் பாத்ததில்லை."

இந்துமதி சிரிக்கவில்லை. ரோகினியின் பக்கம் குனிந்து, "உங்களுக்கு வக்கீல் பாத்துத் தரேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "அவர் வர்ற வரைக்கும் பேசாம இருங்க. படி, கம்பி, இதுக்கெல்லாம் தண்டனை உண்டு. அந்த மனுசனுக்குக் கை உடைஞ்சிருக்கு."

"தெரியும். கொடுக்கட்டும்."

"ஜெயில்லகூடப் போடலாம்."

"போடட்டும். என்னை உள்ள வைக்கணும்னா கோர்ட்டுக்குக் கொண்டு போகணும். இவரையும் கூண்டுல ஏத்தணும்." அவள் திருச்செல்வத்தை நேராகப் பார்த்தாள். "போன தடவை விசாரணைக்கு இவர் வக்கீலை அனுப்பிட்டு வீட்டுல இருந்தாரு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. இந்தத் தடவை கேட்டுத்தான ஆகணும்?"

திருச்செல்வம் கதவுப் பக்கம் நகர்ந்தார். அங்கே ராமகிருஷ்ணன் நின்றிருந்தான். அவன் எதுவும் செய்யவில்லை. வெறுமனே வழியில் நின்றான்.

கார்ப்பரல் பெருமூச்சு விட்டுக் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு விரலால் பெயரைத் தட்டினார். அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி, நாள் முழுக்க எல்லோரிடமும் கேட்கிற சலிப்போடு கேட்டார்:

"சரி, சொல்லுங்க. ஏன் செஞ்சீங்க?"

ரோகினி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோளில் இருந்த கயிற்றை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஒரு மழை நாள்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றாள். "மெதுவாச் சொல்றேன். ஒண்ணு விடாம எழுதிக்குங்க."